விண்ணப்பம் அனுப்பிய பின்: பதில் கேட்பது எப்படி?

றிச்மண்ட் ஹில் பேவியூ வீதிப் பிள்ளையார் கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சப்பாத்து மாட்டும் இடத்தில் நாம் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு.

"அண்டைக்கு ஒரு வேலைக்குப் போட்டனான் எண்டு சொன்னீங்கள், என்ன மாதிரி?"

"போட்டது போட்டாச்சு. அவைக்கு வேணுமெண்டால் கூப்பிடுவினம்தானே."

கேட்டவர் தலையாட்டுவார். சொன்னவர் குளிரங்கியின் சிப்பை இழுத்துக்கொண்டு வெளியே போவார். அத்தோடு கதை முடிந்துவிடும்.

இந்தக் "கூப்பிடுவினம்தானே" என்ற சொல்லால் எம்மவர் கைவிட்ட வேலைகள் பல. ஒன்றை நாமே கைவிட்டிருக்கிறோம். விண்ணப்பம் எழுதுவது எப்படி, றெசுமே தயாரிப்பது எப்படி என்றெல்லாம் இங்கே வகுப்புகள் நடக்கின்றன. அனுப்பிய பின் என்ன செய்வது என்பதைப் பற்றி எமக்குள் பேச்சுக் குறைவு. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது தொடர்பான சட்டமும் மாறியிருக்கிறது. அது எமது வீடுகளுக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பதால் இதனை எழுதுகிறோம்.

ஏன் கேட்கக் கூசுகிறோம்?

ஊரில் அரச வேலை என்றால் வர்த்தமானியில் அறிவித்தல் வரும். பதிவுத் தபாலில் விண்ணப்பம் போகும். பிறகு தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டியதுதான். இடையில் "விசாரிப்பது" என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: ஆள் பிடிப்பது. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம், கந்தோரில் தெரிந்த ஒருவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர். செல்வாக்கு இல்லாதவர் விசாரித்தால் அது கெஞ்சல் ஆகிவிடும். 1956இன் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின்னர் தமிழர் அரச கந்தோரில் ஏன் என்று கேட்பது இன்னும் கடினமாயிற்று. கேட்டவர்கள் இல்லாமலும் இல்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்று 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போட்டு இலண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். 1969இல் அங்கே, அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் எல்லோரும் கோடீஸ்வரன் அல்லர். பெரும்பாலானோர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவே பழகினோம். அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம்.

இதிலே ஒரு வேடிக்கை, எமது தொழில் கணக்கு. கொம்பனிக்கு வரவேண்டிய பணத்தை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து அட்டவணை போட்டு, பிந்தியவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுவது எமது அன்றாட வேலை. அடுத்தவரின் 400 டொலருக்காக ஒரு கூச்சமும் இல்லாமல் தொலைபேசி எடுப்போம். எமது சொந்த விண்ணப்பம் என்றால் மட்டும் கை பின்வாங்கும். வேலை ஒன்றும் அவர்கள் எமக்குத் தரவேண்டிய கடன் அல்லத்தான். பதில் ஒன்று தருவது வேறு விடயம்.

நாம் கைவிட்ட வேலை

2001ஆம் ஆண்டு. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வணிகமாணிப் பட்டம் சுவரில். இரவில் பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை. றிச்மண்ட் ஹில் லெஸ்லி வீதிக்கு அருகே, பீவர் கிறீக் பக்கத்தில் இருந்த ஒரு நிறுவனம் கணக்கு எழுதுவினைஞர் தேவை என்று பத்திரிகையில் போட்டிருந்தது. கடையொன்றில் காசு கொடுத்துத் தொலைநகலில் விண்ணப்பத்தை அனுப்பினோம். ஒரு மாதம் காத்திருந்தோம். பிறகு மறந்துபோனோம். மறந்துபோனோம் என்பது பொய். எமது ஆங்கிலம் போதாது, எமது பட்டத்தை இங்கே யாரும் மதிக்கமாட்டார்கள் என்று எமக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கணக்கியல் பரீட்சைக்கான மாலை வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்மணி அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்று தெரியவந்தது. எமது பெயரைக் கேட்டதும் யோசித்தார். "உங்களுடைய தொலைநகலில் முதற்பக்கம் மட்டும்தான் வந்தது. தொலைபேசி இலக்கம் அதில் இல்லை. எப்படியும் எடுத்துக் கேட்பீர்கள் என்று மனேஜர் ஒரு கிழமை தட்டில் வைத்திருந்தார்" என்றார்.

எமது ஆங்கிலத்தைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ அங்கே யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாவது பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று தொலைநகல் இல்லை. ஆனால் இரண்டாவது பக்கம் இன்றும் காணாமற் போகத்தான் செய்கிறது. பின்னாளில் நாமே ஆள் எடுக்கும் மேசைக்கு வந்தபோது, ஒரு சிறிய கணக்குப் பணிக்கு நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒன்றில் இணைப்பே இல்லை. ஒன்று திறக்கவில்லை. இன்னொன்று வேண்டாத மின்னஞ்சல்களின் பெட்டிக்குள் கிடந்தது. பத்து நாள் கழித்து ஒரு பெண் மூன்று வரியில் மின்னஞ்சல் எழுதி றெசுமேயை மறுபடி இணைத்திருந்தார். தேடிப் பார்த்தால், அந்தத் திறக்காத இணைப்பு அவருடையது. நேர்முகத்துக்கு அழைத்தோம். அதே வாரம் இன்னொருவர் ஒரே நாளில் ஐந்து தடவை தொலைபேசி எடுத்தார். அவரை அழைக்கவில்லை. கேட்பதற்கும் குடைவதற்கும் இடையிலான தூரம் அன்று எமக்கு நன்றாகவே விளங்கியது.

எப்போது கேட்பது

அறிவித்தலில் முடிவுத் திகதி இருந்தால் அது கழிந்து ஒரு கிழமை. இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலிருந்து ஏழு முதல் பத்து வேலை நாட்கள். அதற்கு முன் கேட்டால் விண்ணப்பங்களை யாரும் திறந்தே இருக்கமாட்டார்கள். "தொலைபேசி அழைப்புகள் வேண்டாம்" என்று அறிவித்தலில் எழுதியிருந்தால் அதை மதிக்க வேண்டும். மின்னஞ்சல் ஒன்று போதும். பெரிய நிறுவனங்களின் இணையவழி விண்ணப்பக் கணக்குக்குள் சென்றால் "பரிசீலனையில்" என்றோ "மூடப்பட்டது" என்றோ நிலை காட்டும். முதலில் அதைப் பாருங்கள். பலர் விண்ணப்பித்த அன்று கடவுச்சொல்லை உருவாக்கிவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் போவதில்லை.

கணக்குத் துறைக்கு விண்ணப்பித்தவர்கள் மாதக் கடைசி இரண்டு நாளும் அடுத்த மாத முதல் வாரமும் தொலைபேசி எடுக்காமல் இருப்பது நல்லது. மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் எவருக்கும் முகம் கொடுக்க மனம் வராது. பெப்ரவரிக் கடைசி ரி4 படிவங்களின் காலம். ஏப்ரல் 30 தனிநபர் வரித் திகதி. வரிக் கந்தோர்களுக்கு அந்த வாரங்களில் எழுதுவது கிணற்றில் கல் போட்டது மாதிரி. உணவகங்களுக்கு நேரே போய் விசாரிப்பதானால் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பின், பின்னேரம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் போகவேண்டும். வாகனத் திருத்தகம் என்றால் காலை வாகனங்கள் வரிசையில் நிற்கும் நேரம் வேண்டாம்.

என்ன எழுதுவது

சுருக்கமாக. எந்த வேலை, அறிவித்தலில் இலக்கம் இருந்தால் அந்த இலக்கம், எந்தத் திகதியில் விண்ணப்பித்தோம், அந்த வேலைக்கு எம்மிடம் என்ன இருக்கிறது என்று ஒரேயொரு வரி, பிறகு ஒரு கேள்வி. கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். "என்னுடைய விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்ததா? நேர்முகங்கள் எப்போது தொடங்கும் என்று அறியலாமா?" என்பது நல்ல கேள்வி, அதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். "எனக்கு இந்த வேலை கிடைக்குமா?" என்பதற்கு எவராலும் பதில் எழுத முடியாது. றெசுமேயை மறுபடி இணைத்துவிடுங்கள். பெயருக்குக் கீழே தொலைபேசி இலக்கம்.

எம் தலைமுறையினருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் வர்த்தகக் கடிதம் படித்தபோது கடிதத்தின் அடியில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடிக்கப் பழகினோம். தொடக்கத்தில் "கனம் ஐயா". நடுவில் "தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்". இவற்றை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் இங்கே வாசிப்பவருக்கு மரியாதை தெரியாது, தயக்கம்தான் தெரியும். ஆளின் பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி வணக்கம், முடிவில் ஒரு நன்றி, எமது பெயர். பிள்ளைகளின் வேலை அனுபவத்தை, வீட்டுக் கடனை, சுகவீனத்தை அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். எழுதியவர்களை எமக்குத் தெரியும். அவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் வாசிப்பவர் அதைக் கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவார்.

தொலைபேசி எடுத்தால் பெரும்பாலும் குரல் அஞ்சல்தான் வரும். அதற்கு ஆயத்தமாக எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். எமது நீளமான பெயர்களை ஆறுதலாகச் சொல்லி, எழுத்துக் கூட்டி, இலக்கத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதே நேரம் உங்களுடைய குரல் அஞ்சலில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளை பாடிய தேவாரம் இருந்தால் அதை வீட்டுத் தொலைபேசிக்கு மாற்றிவிட்டு, வேலைக்குக் கொடுத்த இலக்கத்தில் உங்கள் குரலிலேயே ஆங்கிலத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். பெட்டி நிரம்பியிருந்தால் காலியாக்குங்கள். இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குபவர்கள், எந்த நேரத்தில் தம்மை எடுக்கலாம் என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடலாம்.

ஒரு தடவை கேட்டுப் பதில் இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. அதற்குப் பிறகு அந்தக் கணக்கை மூடிவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். எமது தொழிலில் இதனை அறவிடமுடியாக் கடன் என்போம். ஏட்டில் பதிந்துவிட்டால் மனதில் சுமக்கத் தேவையில்லை.

நேர்முகத்துக்குப் பின்

இங்கேதான் எம்மவருக்கு நோவு அதிகம். விண்ணப்பத்துக்குப் பதில் வராவிட்டால் தாங்கலாம். நல்ல சட்டை போட்டு, வீவா பஸ் பிடித்து, ஒரு மணித்தியாலம் முகத்துக்கு முகம் பேசிக் கைகுலுக்கி விட்டு வந்த பின்னும் ஒரு சொல் வராவிட்டால் அது வேறு.

நேர்முகம் முடியும்போதே, "முடிவை எப்போதளவில் எதிர்பார்க்கலாம், யாரைத் தொடர்பு கொள்ளலாம்?" என்று கேட்டு விடுங்கள். இது தவறான கேள்வி அல்ல. கேட்காதவரை ஆர்வமில்லாதவர் என்று நினைப்பவர்களும் உண்டு. அடுத்த நாளுக்குள் ஒரு நன்றி மின்னஞ்சல். அவர்கள் சொன்ன திகதி கழிந்து இரண்டு வேலை நாட்கள் பொறுத்து, பிறகு கேட்கலாம்.

இனிச் சட்டம். நாம் சட்டத்தரணி அல்லர், கணக்காளர். ஆனால் விதிமுறையை வாசிக்கத் தெரியும். 2024இல் ஒன்ராறியோ சட்டமன்றம் தொழிலாளர் தொடர்பான இரு திருத்தச் சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று மார்ச் மாதத்தில், மற்றது ஒக்ரோபரில் ஒப்புதல் பெற்றது. இவற்றில் வேலை அறிவித்தல் பற்றிய பகுதிகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அறிவித்தல் வெளியான நாளில் 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இவை பொருந்தும். பொதுவாக வெளியிடப்பட்ட ஒரு வேலைக்கு ஒருவரை நேர்முகம் கண்டால், ஆள் எடுப்பது பற்றி முடிவு எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை 45 நாட்களுக்குள் அவருக்கு அறிவிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட நேர்முகங்கள் நடந்தால் கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாள் எண்ணப்படும். நேரிலோ, எழுத்திலோ, மின்னஞ்சல் போன்ற வழியிலோ அறிவிக்கலாம். அந்தத் தகவலை 3 ஆண்டுகள் ஆவணமாக வைத்திருக்கவும் வேண்டும்.

இதில் ஓட்டைகள் உண்டு. "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று எழுதினாலும் சட்டம் நிறைவேறிவிடும். ஏன் எடுக்கவில்லை என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. நேர்முகத்துக்கு ஆட்களைத் தெரிவதற்காக முன்னதாகச் செய்யும் ஆரம்ப வடிகட்டல் அழைப்பு நேர்முகமாகக் கணக்கில் வராது. விண்ணப்பம் மட்டும் அனுப்பியவருக்கு இச்சட்டத்தால் எதுவும் கிடைக்காது. 24 பேர் வேலை செய்யும் இடத்துக்கும் இது இல்லை. எமது தமிழ்க் கடைகள், சிறு நிறுவனங்கள் பல இந்த எல்லைக்குக் கீழேதான் வரும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், நேர்முகத்துக்கு வந்த பிள்ளைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எமது முதலாளிமாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதை எழுதும்போது சிலரின் முகம் எம் கண்முன் வருகிறது.

அதே சட்டங்களின்படி அறிவித்தலில் எதிர்பார்க்கக்கூடிய சம்பளம் அல்லது சம்பள வீச்சுக் குறிப்பிடப்பட வேண்டும். அந்த வீச்சு ஆண்டுக்கு 50,000 டொலருக்கு மேல் விரியக் கூடாது. 200,000 டொலருக்கு மேற்பட்ட வேலைகளுக்கு இது இல்லை. வெற்றிடம் உண்மையில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். எமக்கு முக்கியமானது இன்னொன்று: அறிவித்தலிலோ அதனோடு சேர்ந்த விண்ணப்பப் படிவத்திலோ "கனேடிய அனுபவம்" தேவை என்று கேட்கக் கூடாது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இலேயே அப்படிக் கேட்பது பாரபட்சம் என்று கொள்கை வெளியிட்டிருந்தது. அது சட்ட விதியாக வர இத்தனை ஆண்டுகள் எடுத்திருக்கிறது. அந்த இரண்டு சொல்லால் எத்தனை ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், பொறியியலாளர்கள் இங்கே வாகனத் தரிப்பிடக் காவலுக்குப் போனார்கள் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அறிவித்தலை விண்ணப்பிக்கும் நாளிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை நிரம்பியதும் அது இணையத்திலிருந்து மறைந்துவிடும். பிறகு என்ன எழுதியிருந்தார்கள் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. ஒரு பள்ளிக் கொப்பியில் திகதி, நிறுவனம், வேலை, யாரோடு பேசினோம், என்ன சொன்னார்கள் என்று கோடு போட்டு எழுதுங்கள். வேலையிழப்புக் காப்புறுதி எடுப்பவர்கள் வேலை தேடிய விபரத்தை எழுதி 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்கனவே உள்ள விதி. அந்தக் கொப்பி இரண்டுக்கும் உதவும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபூலஸ், ரொறன்ரோப் பகுதி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஆய்வை 2009இல் வெளியிட்டார். தகைமை ஒன்றாக இருந்தும், ஆங்கிலப் பெயர் கொண்டவர்களுக்குச் சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர் கொண்டவர்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இதை மின்னஞ்சல் விசாரிப்பால் தீர்த்துவிடலாம் என்று சொல்ல நாம் வரவில்லை. பெயரைப் பார்த்து ஒதுக்கியவர் இரண்டாம் முறையும் ஒதுக்கலாம். ஆனால் எல்லா மௌனமும் அந்த மௌனம் அல்ல. எது எதுவென்று கேட்காமல் அறிய வழியில்லை.

சின் இலக்கமும் மோசடியும்

அகதிக் கோரிக்கை முடிவாகாமல் வேலை அனுமதியில் இருப்பவர்களின் சின் இலக்கம் 9இல் தொடங்கும். நேர்முகத்திலேயே அதை எடுத்துச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒளித்ததாக இருக்கக் கூடாதே என்ற நேர்மையில். அது தேவையில்லை. கனடாவில் சட்டப்படி வேலை செய்ய உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே பதில். சின் இலக்கம் வேலைக்கு எடுத்த பின் கொடுப்பது. விண்ணப்பத்தை விசாரித்து எழுதியதும், "உங்களைத் தெரிவு செய்துவிட்டோம், சின் இலக்கத்தையும் வங்கி விபரத்தையும் அனுப்புங்கள், பயிற்சிக்கு இவ்வளவு கட்டுங்கள்" என்று நேர்முகமே இல்லாமல் பதில் வந்தால் அது மோசடி. காசோலை ஒன்றை அனுப்பி, அதில் மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னாலும் அப்படித்தான். காசோலை சில நாளில் திரும்பும், நீங்கள் அனுப்பியது திரும்பாது.

ஏஜென்சி ஊடாகப் போனவர்கள் ஏஜென்சியிடம்தான் விசாரிக்க வேண்டும். அவர்களைத் தாண்டி நிறுவனத்துக்கு நேரே எழுதினால் இரு பக்கமும் முகம் சுளிப்பார்கள். உங்களுக்காகச் சொல்லச் சம்மதித்தவர்களுக்கும் ஒரு தொலைபேசி எடுத்து, இன்ன நிறுவனத்திலிருந்து அழைப்பு வரலாம் என்று சொல்லி வையுங்கள். தெரியாத இலக்கம் என்று எடுக்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது.

ஒரு அண்ணையின் 45 நாள்

எமக்குத் தெரிந்த ஒருவர், ஊரில் முப்பது ஆண்டுகள் வங்கியில் இருந்தவர். 56 வயதில் அகதியாக வந்து இங்கே இரவுக் காவல் வேலை செய்கிறார். இந்த ஜனவரி 20ஆம் திகதி ஒரு நிறுவனத்தில் கொடுப்பனவுப் பிரிவு வேலைக்கு நேர்முகம். நன்றாக நடந்தது என்றுதான் வந்து சொன்னார். பெப்ரவரி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஆள் மெலிந்து போனார். உச்சரிப்பு விளங்கியிருக்காது என்றார். பிறகு வயது என்றார். பிறகு, "9 இலக்கத்தை நானே வாய் விட்டுச் சொல்லிப்போட்டன், அதாலதான்" என்றார். வீட்டில் அக்காவோடும் கதைப்பதில்லை. கேட்டுப் பாருங்கள் என்றால், "கேட்டு இன்னும் மானம் கெடவோ?" என்பார்.

45 நாள் மார்ச் 6ஆம் திகதி முடிந்தது. 9ஆம் திகதி திங்கட்கிழமை, யங் வீதியும் மேஜர் மெக்கன்சியும் சந்திக்கும் இடத்து மத்திய நூலகத்தில் ஒரு மேசையில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் எழுதி வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். சட்டத்தின் பெயர், பிரிவு இலக்கம் எல்லாம் போட்டு, கடைசியில் "கீழ்ப்படிவுள்ள". சட்டத்தை வெட்டினோம். முதற் கடிதத்தில் சட்டம் சொல்வது, முதல் நினைவூட்டலிலேயே வழக்கறிஞர் பெயரைப் போடுவது மாதிரி. பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி போதும் என்றோம். கீழ்ப்படிவையும் வெட்டினோம், அதற்குத்தான் கொஞ்சம் வாதாடினார். நான்கு வரி மிஞ்சியது: ஜனவரி 20 நேர்முகம், சந்தித்தவரின் பெயர், வேலையில் இன்னும் ஆர்வம் உண்டு, முடிவு எடுக்கப்பட்டதா என்று அறியத் தரவும்.

புதன்கிழமை பதில் வந்தது. அந்தப் பிரிவுக்கான நிதி நிறுத்தப்பட்டதால் அந்த வேலைக்கு ஒருவரையுமே எடுக்கவில்லை, அறிவிக்கத் தாமதமானதற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணை அதைத் தொலைபேசியில் எமக்கு வாசித்தார். வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

"அப்ப என்னில பிழை இல்லை, என்ன?"

இல்லை அண்ணை என்றோம்.

வேலை கிடைக்கவில்லை. இரவுக் காவல் இன்னும் தொடர்கிறது. இப்போது அவரிடம் நீல அட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது, வங்கிக்காரர் என்பதால் எம்முடையதைவிட ஒழுங்காகக் கோடு போட்டிருக்கிறார். ஏப்ரலில் விண்ணப்பித்த இன்னொரு வேலைக்கான விசாரிப்புக் கடிதத்தை அவரே எழுதிக் கொண்டுவந்து காட்டினார். நாம் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினோம்.